திம்மராயன் நெஞ்சில் முளைத்த மரம்

கிருஷ்ணகிரி, 1983

பிப்ரவரி 7, திங்கள்

காலையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மகளுக்குக் காதுகுத்து. போகாமல் இருந்தால் நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்பதால், அத்தை வாங்கித் தந்த நீல நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு போய்த் தலையைக் காட்டினேன். மாற்ற நேரமில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கோட்டு போடவும் மறந்து போனது.

முதல் ஆள் திம்மராயன். கல் குவாரி வேலை, மூன்று வாரமாக இருமல். நெஞ்சுப் படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, வெளிச்சப் பெட்டியில் மாட்டினால், இடது காறை எலும்பின் மேல் கறுப்பாக ஒரு வேர். கிளை பிரிந்து, நுனி மெலிந்து, நிஜ வேர் மாதிரியே இருந்தது. தூத்துக்குடியில் ஆறு வருஷம் எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். விரல் பட்ட கறை, நகம் பட்ட கறை, தண்ணீர் சொட்டிய கறை எல்லாம் எனக்குப் பழக்கம். இது புதுசு.

டாக்டரம்மா லோகநாயகி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“என்ன கனி, இவர் நெஞ்சுல மரம் நட்டு வெச்சிருக்க?”

மறுபடி எடுத்தேன். அது சுத்தமாக வந்தது. சளிதான், மருந்து சாப்பிட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். ஆனால் “மரம்” என்ற சொல் ஆயா மாதம்மாளின் காதில் விழுந்துவிட்டது. அவள் காதில் விழுந்தால் பஸ் ஸ்டாண்டில் விழுந்த மாதிரி.

எனக்கு என் வேலை பற்றித்தான் கவலை. அக்டோபரில் சேரும்போது, “ஆறு மாசம் பார்ப்போம், மார்ச் கடைசியில சொல்றேன்” என்றார் டாக்டரம்மா. நிலைக்காவிட்டால் மறுபடி அண்ணன் வீடு. அண்ணன் எனக்காகப் பார்த்து வைத்திருக்கும் உப்பளக் கணக்குப்பிள்ளையை ஒருமுறை பார்த்தேன். சாப்பிடும்போது அடுத்தவர் இலையையே பார்க்கிறார்.

பிப்ரவரி 8, செவ்வாய்

சுங்குடிப் புடவை. தொட்டிகளைக் காலி செய்து தேய்த்துக் கழுவினேன். ஒன்பது படம். ஒன்றிலும் கறை இல்லை.

பிப்ரவரி 9, புதன்

கறை இல்லை. அதற்காக டாக்டரம்மா விடுவதாக இல்லை. நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டைக் கொடுத்து, தேதி, படம் கழுவும் டெவலப்பர் கரைசலின் சூடு, எத்தனை படம், எத்தனை கறை என்று தினமும் எழுதச் சொன்னார். பிலிம் கம்பெனிக்கும் எழுதிவிட்டாராம், சேலத்திலிருந்து ஆள் வருகிறார். வரட்டும். என் இருட்டறையில் குறை கண்டுபிடிக்க ஒருவர் சேலத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.

உதடு வெடித்துவிட்டது. தூத்துக்குடியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் நசநசவென்று இருக்கும். இங்கே ஒரு மணி நேரத்தில் அப்பளம்.

பிப்ரவரி 11, வெள்ளி

சுங்குடி. கம்பெனி ஆள் வந்தார். பெயர் பூவராகன். தொந்தியும் வெற்றிலையுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். இரண்டும் இல்லை.

வந்ததிலிருந்து “சிஸ்டர், சிஸ்டர்” என்றார். நான் நர்ஸ் இல்லை, என் பெயர் சண்முகக்கனி என்றேன். “சரிங்க சிஸ்டர்” என்றார். இன்று பார்த்து ஒரு கறையும் வரவில்லை. நான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. தொட்டிகளில் நான் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்து, “கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார். செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பக்கம் தர்மபுரி வரை வருவாராம், மறுபடி எட்டிப் பார்க்கிறாராம்.

வேலை விஷயமாக இவ்வளவுதான்.

பிப்ரவரி 15, செவ்வாய்

நீல நைலக்ஸ். இஸ்திரி போட வேண்டியதில்லை என்பதால் நேரம் மிச்சம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், ஒரே புழுக்கம்.

“இந்தப் பனியில என்னா கனிம்மா புழுக்கம்?” என்றாள் மாதம்மாள். அவளுக்கு வேலை குறைவு.

இரண்டு படத்தில் வேர். எனக்கு நிம்மதியாகவே இருந்தது, பொய்க்காரி இல்லை என்று ஆயிற்று. பூவராகன் ஈரப் பிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மறுபடி பிலிமைப் பார்த்தார்.

“தண்ணியைப் பார்க்கணுங்க” என்றார்.

ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை முடிவு தெரியுமாம். இன்று முழுக்க ஒரு தடவைகூட சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. “இங்க பாருங்க”, “கொஞ்சம் பிடிங்க” என்றே ஓட்டிவிட்டார்.

பிப்ரவரி 16, புதன்

கறை இல்லை.

பிப்ரவரி 17, வியாழன்

கறை இல்லை. வேறு விசேஷமும் இல்லை. மாலையில் கடைத்தெருவில் ரோஜா நிறத்தில் ஒரு நைலக்ஸ். தள்ளுபடி விற்பனை, விட்டால் கிடைக்காது.

பிப்ரவரி 18, வெள்ளி

ரோஜா நிறம். ஒரு கறை. தண்ணீரில் குற்றமில்லையாம். இனி வெப்பமானியைச் சந்தேகிக்க வேண்டுமாம். சேலத்திலிருந்து இன்னொன்று கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டின. “அப்ப இதுவும் இல்லை” என்றார், ரொம்ப சந்தோஷமாக.

நான் கேட்காமலேயே சொன்னார்: ஊர் ஸ்ரீமுஷ்ணம், சேலத்தில் தனி அறை, ஓட்டல் சாப்பாடு. எனக்கெதற்கு இதெல்லாம். காதில் விழுந்ததால் எழுதி வைக்கிறேன்.

டாக்டரம்மா நோட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டுவிட்டார். அன்றைக்கு இருட்டறைப் பக்கம் யார் யார் வந்தார்கள் என்று எழுத வேண்டும்.

பிப்ரவரி 22, செவ்வாய்

கதவு இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்குச் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை பத்து நிமிஷம் உள்ளே உட்கார வேண்டும். நியாயமான சோதனைதான். ஆனால் நானும் அவருமாக எப்படி உட்காருவது? மாதம்மாளை நடுவில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன்.

மூன்று பேரும் மூச்சுவிடாமல் இருட்டைப் பார்த்தோம். ஐந்தாவது நிமிஷம் மாதம்மாள், “எனக்கு ஒண்ணும் தெரியல. உங்க ரெண்டு பேருக்கும் என்னா தெரியுதோ” என்றாள். அவர் இருமினார். நானும் இருமினேன். வெளிச்சம் எங்கும் கசியவில்லை.

கறை இரண்டு. நீலம்.

பிப்ரவரி 23, 24

கறை இல்லை. இரண்டு நாளும் நகரவே இல்லை.

பிப்ரவரி 25, வெள்ளி

ரோஜா. கறை மூன்று.

இன்று டெவலப்பர் கலக்கும் வாளியைச் சந்தேகப்பட்டார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பக்கத்தை ஆராய்ந்தார். மாதம்மாள் என் காதருகே வந்து, “கறை வந்தா அவரு வர்றாரு, அவரு வந்தா கறை வருது. எது மொதல்ல வந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு” என்றாள்.

பேச்சோடு பேச்சாக மார்ச் கடைசி விஷயத்தை அவரிடம் சொன்னேன். கறை நிற்காவிட்டால் படம் எடுக்க நோயாளிகளைத் தர்மபுரிக்கே அனுப்பிவிடுவதாக டாக்டரம்மா சொல்லியிருப்பதையும், எனக்கு வேலை இருக்காது என்பதையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“இதை நீங்க முன்னாடியே சொல்லலையே” என்றார். முகம் விழுந்துவிட்டது. டீ வாங்கி வைத்ததைக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு வேலை போனால் அவருக்கென்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 1, செவ்வாய்

மோசமான நாள்.

திம்மராயன் மூன்று வாரம் முடிந்து வந்தார். இருமல் நின்றுவிட்டது. படம் எடுத்தேன். இந்தத் தடவை வலது பக்கம், மூன்று கிளை. மறுபடி எடுத்தேன். அதிலும் ஓரத்தில் ஒன்று. ஒரே நாளில் மூன்றாவது தடவை அவரை நிறுத்த வேண்டாம், அடுத்த செவ்வாய் வரட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

“போன தபா எடது பக்கம். இப்ப வலது பக்கம். வளந்துக்கினே போவுதாம்மா?” என்று திம்மராயன் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “டாக்டர் சீட்டு இல்லாம வேலைக்கு வராதன்னுட்டாரு மேஸ்திரி. ஒட்டிக்கிற சீக்காம். எவனும் பக்கத்துல குந்தி சோறு துன்ன மாட்டேன்றான்.”

பூவராகன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். திம்மராயன் போன பிறகு, தரையைப் பார்த்தபடி, “நீங்க அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சு பாருங்களேன்” என்றார்.

ஒரு மனிதன் வேலை இல்லாமல் போகிறான், இவருக்கு என் உடை கண்ணை உறுத்துகிறது. “என் புடவையில என்ன குறை கண்டீங்க?” என்றேன். “ஐயோ, குறை இல்லீங்க” என்றார். புடவை பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். கோட்டைச் சொல்லிச் சுற்றி வளைத்திருக்க வேண்டாம்.

மார்ச் 4, வெள்ளி

வேண்டுமென்றே ரோஜா நைலக்ஸ். வேண்டுமென்றே கோட்டு போடவில்லை. கறை நான்கு.

அவர் போன பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். மேஜையில் கட்டம் போட்ட நோட்டு திறந்திருந்தது. ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“பாரு கனி. கறை வந்த நாள் எல்லாம் செவ்வாயும் வெள்ளியும். எல்லா நாள்லயும் பூவராகன். அந்த ஆள் வராத நாள்ல உன் படம் கண்ணாடி மாதிரி இருக்கு.”

“முதல் தடவை அவர் வரலையே டாக்டர்.”

“அது ஏதோ ஒண்ணு. அதைச் சாக்கா வெச்சு உள்ள நுழைஞ்சுட்டார். பிலிம் வீணானா இன்னும் பிலிம் வாங்குவோம். நல்ல வியாபாரம். செவ்வாய்க்கிழமை நேர்ல கேட்டுட்டு, கம்பெனிக்கு எழுதப் போறேன்.”

அப்படி எழுதினால் அவர் வேலை போய்விடும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல வந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? தொட்டிகளைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 6, ஞாயிறு

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். பிறகு உட்கார்ந்து, அவர் குற்றவாளி இல்லை என்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன்.

நான்காம் தேதி ரோஜா. இருபத்தைந்து ரோஜா. இருபத்திரண்டு நீலம். பதினெட்டு ரோஜா. பதினைந்து நீலம். முதல் நாள், காதுகுத்து, நீலம். ஒவ்வொன்றையும் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். மார்ச் ஒன்றாம் தேதி மட்டும் கோபத்தில் எழுதவில்லை, ஆனால் நீலம்தான், மறக்கவில்லை. பதினொன்றாம் தேதி அவர் வந்தார், நான் சுங்குடியில் இருந்தேன், கறை வரவில்லை.

டாக்டரம்மாவின் நோட்டில் ஐந்து கட்டம். ஆறாவதாகப் புடவைக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் மூன்றாவது வாரமே முடிந்திருக்கும்.

மார்ச் 7, திங்கள்

பருத்திப் புடவை, மேலே கோட்டு. கறை இல்லை.

மத்தியானம் ஆள் இல்லாத நேரம், ரோஜா நைலக்ஸைப் பையில் போட்டு இருட்டறைக்குக் கொண்டுபோனேன். கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கை அணைத்து, கண் பழகும்வரை காத்திருந்தேன். புடவையை மேஜை விளிம்பில் ஒரு இழு இழுத்தேன். படபடவென்று சத்தம், துணி நெடுக நீலநிறமாகப் பொறிகள். சின்னச் சின்னதாக, கிளை பிரிந்து. அழகாகத்தான் இருந்தன.

இந்த ஊர்க் காய்ந்த காற்றில் நைலக்ஸ் மாதிரி நைலான் துணி உரசினால் மின்சாரம் ஏறுகிறது. நான் உறையிலிருந்து பிலிமை உருவும்போது அது பிலிமில் பாய்கிறது. கடற்கரை ஈரத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இது எப்படித் தெரியும்? மேலே பருத்திக் கோட்டு இருந்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கும்.

கோட்டு. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விளக்கைப் போடாமலே வெகுநேரம் நின்றேன். கோபம் கோபமாக வந்தது. தண்ணீர், வெப்பமானி, கதவு, வாளி, எல்லாம் நாடகம். என் வேலை, திம்மராயன் சோறு, இரண்டையும் வைத்து நாடகம். இன்னொரு பக்கம், ஏன் இந்த நாடகம் என்று யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? புழுக்கமாம், இஸ்திரியாம், தள்ளுபடியாம்.

மார்ச் 8, செவ்வாய்

காலை முதல் படமே திம்மராயன். கோட்டோடு எடுத்தேன். சுத்தம். நுரையீரலும் சுத்தம். ஈரம் காயும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பத்தரைக்குப் பூவராகன் வந்தார். டாக்டரம்மா அறைக்குள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வாசலில் மாதம்மாள் பெருக்கியதையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

நோட்டைக் காட்டி டாக்டரம்மா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். ஏமாற்று வேலை என்றார். போலீஸ் என்ற சொல்லும் வந்தது. அவர் என் கோட்டைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “அந்தம்மா புடவைதான் காரணம்” என்று ஒரு வரி சொன்னால் தப்பித்துவிடலாம். அவர் சொல்லவில்லை. “என்ன வேணா எழுதுங்க டாக்டர்” என்றார்.

“டாக்டர், அது என் புடவை” என்றேன்.

“எது?”

“கறைக்குக் காரணம். நைலக்ஸ் புடவை. காஞ்ச காத்துல பொறி பறக்குது. நேத்து நானே சோதிச்சுப் பாத்தேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “சரி. அது எப்படி இவர் வர்ற நாள்ல மட்டும்?”

வாசலிலிருந்து மாதம்மாள், “அது ஒண்ணுமில்லீங்கம்மா. தொவச்சுப் போட்டா அந்தப் பொடவ செவ்வாய் வெள்ளிக்குத்தான் காயுது” என்றாள்.

“நீ போய் வார்டைப் பெருக்கு” என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “பிலிம் கம்பெனி ஆளு. உமக்கு இது தெரியாதா?”

“தெரியும்ங்க.”

“எப்பலேருந்து?”

“போன மாசம் பதினஞ்சாம் தேதி. பிலிமைத் தூக்கினதுமே.”

“அப்புறம் எதுக்கய்யா வந்தீர், தண்ணி பிடிச்சுக்கிட்டுப் போக?”

அவருக்குக் காது நுனி சிவந்துவிட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு வினாடி சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“உங்க விளையாட்டுல ஒரு மனுஷன் ஒரு வாரமா வேலை இல்லாம உட்கார்ந்திருக்கான். காசநோய்னு ஊர் ஒதுக்கி வெச்சிருக்கு. ரெண்டு பேரும் படத்தை எடுத்துக்கிட்டு அந்தக் குவாரிக்குப் போங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. கனி, உன் வேலையைப் பத்தி மாசக் கடைசியில பேசுறேன்.”

துணைக்கு மாதம்மாளும் கிளம்பிவிட்டாள். டவுன் பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்தே வந்தேன். இறங்கி மேட்டில் ஏறும்போது, “கோட்டுன்னு அன்னிக்கே சொன்னேங்க” என்றார் பூவராகன். “என் வேலை போகும்னு தெரிஞ்ச பொறவுதானே சொன்னீங்க. திம்மராயன் வேலை போகும்னு தோணலையா? நோயாளி வாறாங்க, போறாங்க, நமக்கு நம்ம பாடு. அப்படித்தானே?” என்றேன். அதில் பாதி எனக்கும் சேர்த்துச் சொன்னது.

நாற்பது பேர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். டாக்டரம்மாவின் சீட்டை மேஸ்திரியிடம் கொடுத்தேன். பூவராகன் படத்தை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று காட்டினார்.

“அப்ப முன்னாடி இருந்தது?” என்றார் மேஸ்திரி.

“அது தப்பான கறை. அதுக்கு நான்தாங்க காரணம்” என்றார் அவர்.

“இல்ல, நான்தான்” என்றேன்.

திம்மராயன் கூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“சொந்தமா ஒரு எடம் பாத்து மரம் நடக் கூடாதா? என் நெஞ்சுதான் கெடச்சுதா?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒருவன் திம்மராயனின் தோளில் கை போட்டான். எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது, வெட்கத்தாலா வேறெதனாலா என்று பிரிக்க முடியவில்லை.

மார்ச் 18, வெள்ளி

கம்பெனியிலிருந்து புது ஆள் வந்தார். தொந்தி, வெற்றிலை இரண்டும் உண்டு. பூவராகன் நடந்ததை எல்லாம் தானே எழுதிக் கொடுத்துவிட்டாராம், எனக்குக் குற்றம் வராதபடி. வேலை போகவில்லை, ஆனால் நாமக்கல் பக்கம் மாற்றிவிட்டார்கள். இந்தப் பாதையில் இனி வர மாட்டார்.

கறை இல்லை. சுங்குடி, கோட்டு.

மார்ச் 22, செவ்வாய்

கறை இல்லை.

மார்ச் 25, வெள்ளி

கறை இல்லை. மாதம்மாள் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் வராதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதுவரை எழுதியதில் சுற்றி வளைக்காத வரி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 31, வியாழன்

வேலை நிரந்தரம். “தப்பை மறைக்கத் தெரியாதவ. அது போதும் எனக்கு” என்றார் டாக்டரம்மா. கோட்டு இல்லாமல் இருட்டறைக்குள் கால் வைத்தால் அன்றே கணக்கு முடிப்பாராம். சரி என்றேன். சாயங்காலம் கால் கிலோ அல்வா வாங்கித் தின்றேன். மாதம்மாளுக்கும் பாதி கொடுத்தேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு

காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா, “யாரோ சேலத்துக்காரராம்” என்றார்.

பூவராகன் வாசலில் நின்றார். பை இல்லை, பாட்டில் இல்லை. நாமக்கல்லிலிருந்து ராத்திரி கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். சட்டை கசங்கிப் போயிருந்தது. நான் தலைவாரிக்கொண்டிருந்தேன், பழைய பருத்திப் புடவை, முழங்கையில் மஞ்சள் கறை.

“ஆஸ்பத்திரி இன்னைக்கு லீவு” என்றேன்.

“தெரியும்ங்க.”

“பிலிம்ல கறை எதுவும் இல்ல.”

“அதுவும் தெரியும்ங்க. உங்களைத்தான் பார்க்க வந்தேன்.”

வீட்டுக்காரம்மா உள்ளே போவது போல் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். எனக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

“இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒன்றரை மாசமா ஆச்சு?” என்றேன்.

“கண்டுபிடிச்சது அன்னிக்கேதாங்க. சொல்றதுக்குத்தான் இத்தனை நாள்.”

கோபம் இன்னும் போகவில்லை என்றேன். நியாயம்தான் என்றார். குவாரி மேட்டில் நான் சொன்னதை மறக்க மாட்டேன் என்றேன். நானும் மறக்க மாட்டேன் என்றார். பிறகு, அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டார்.

வரச் சொன்னேன்.